கரையாத பவளம்

ஒன்பதாம் வகுப்பில் அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடத்தை நடத்தும்போது ஆண்டுதோறும் நான் ஒரு சோதனையைச் செய்துகாட்டுவேன். கண்ணாடிக் குவளையில் வினிகரை ஊற்றி, கடற்கரையில் பொறுக்கிய ஒரு சிறிய சிப்பி ஓட்டை அதில் போடுவேன். ஓட்டைச் சுற்றிக் குமிழ்கள் கிளம்பும். பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார்கள். இரண்டொரு நாளில் ஓடு மெலிந்துவிடும். விரலால் அழுத்தினால் நொறுங்கும்.

எங்கள் பள்ளி ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. பாடத்தை ஊரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற ஆர்வத்தில் சோதனையை இப்படி முடிப்பது என் வழக்கம்: “காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு கூடிக்கொண்டே போகிறது. அது கடலில் கரைந்து கடலை அமிலமாக்குகிறது. நம் கடலில் இருக்கும் பவளப்பாறையும் இந்தச் சிப்பி மாதிரிதான் கரைந்துகொண்டிருக்கிறது.” வகுப்பு அமைதியாகிவிடும். நல்ல பாடம் நடத்திய நிறைவோடு நான் வெளியே வருவேன்.

சென்ற ஆண்டு அந்த நிறைவு கிடைக்கவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த மாணவி எழுந்து நின்றாள்.

“டீச்சர், எங்கம்மா கடல்பாசி எடுக்க முங்குறவங்க. பார் கரையுதாம்மான்னு கேட்டுப் பார்த்தேன். சின்ன வயசுல இருந்து பார்க்கிறேன், அங்கேயேதான் இருக்குன்னாங்க. கடல் அமிலமா இருந்தா பார் கரைஞ்சிருக்கணும்ல? அம்மாவுக்குக் கண்ணும் எரியணும்ல?”

எங்கள் ஊரில் கடலடிப் பாறையைப் ‘பார்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாரை நான் படத்தில் பார்த்தவள். அவள் அம்மா நேரில் பார்த்தவர். “நாளைக்குச் சொல்றேன்மா” என்று உட்கார வைத்தேன். நாளைக்குச் சொல்ல முடியவில்லை. பல வாரங்கள் தேடிப் படித்த பிறகுதான், இத்தனை ஆண்டுகளாக நான் சொன்ன அந்த மூன்று வாக்கியங்களில் இரண்டு பிழைகள் இருப்பது தெரிந்தது. அந்தப் பிழைகளைத் திருத்தியபோது பாடமே வேறாகிவிட்டது. அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதல் பிழை: கடல் அமிலமாக இல்லை

கடல்நீரின் பி.எச். மதிப்பு இன்று சராசரியாகச் சுமார் 8.1. நடுநிலை 7 என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். அப்படியானால் கடல்நீர் இன்றும் காரத்தன்மை உடையதுதான். தொழிற்புரட்சிக்கு முன் அது சுமார் 8.2 ஆக இருந்தது. இப்போதைய வேகத்தில் புகையை வெளியேற்றிக்கொண்டே போனால், இந்த நூற்றாண்டின் இறுதியில் 7.8 அளவுக்கு இறங்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்போதும் அது 7-க்கு மேல்தான். ‘கடல் அமிலமாதல்’ என்ற சொல் மாற்றம் எந்தத் திசையில் போகிறது என்பதைச் சொல்கிறது. வெயில் 40 டிகிரியிலிருந்து 37-க்கு இறங்கினால் வெப்பம் குறைகிறது என்கிறோம். குளிர்காலம் வந்துவிட்டது என்று சொல்வதில்லை. அதுபோலத்தான் இதுவும்.

“வெறும் 0.1 தானே டீச்சர்?” என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. பி.எச். அளவுகோல் மடக்கை முறையில் அமைந்தது. ஒரு எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு 10 மடங்காகும். 0.3 இறங்கினால் ஏறத்தாழ 2 மடங்காகும். 0.1 இறங்கினாலே சுமார் 26 விழுக்காடு கூடும். வீட்டில் மாதந்தோறும் ஆகும் செலவு 26 விழுக்காடு கூடினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள்.

கடல்நீர் காரமாகவே இருக்கும்போது பவளத்துக்கு என்ன தொல்லை? பவளத்தின் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதைக் கட்டக் கால்சியம் அயனியும் கார்பனேட் அயனியும் வேண்டும். கால்சியத்துக்குக் கடலில் பஞ்சமில்லை. கார்பனேட்தான் சிக்கல். காற்றிலிருந்து கடலில் கரையும் கார்பன் டை ஆக்ஸைடு, நீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. அது பிரிந்து ஹைட்ரஜன் அயனியையும் பைகார்பனேட் அயனியையும் தருகிறது. இந்த ஹைட்ரஜன் அயனி சும்மா இருப்பதில்லை. ஏற்கெனவே கடலில் இருக்கும் கார்பனேட் அயனியோடு சேர்ந்து அதையும் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. வீடு கட்ட வந்த செங்கல் லாரியை வழியிலேயே மறித்து, செங்கலை எடுத்துக்கொண்டு மணலை ஏற்றி அனுப்புவது போன்றது இது. வேலை நடக்கும் இடத்துக்கு வண்டி வருகிறது. வேண்டிய பொருள் குறைந்து வருகிறது.

காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியேற்றுவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அது வாங்கிக்கொள்ளாவிட்டால் பூமி இன்னும் சூடாகியிருக்கும். அந்த உதவிக்கான விலையைத்தான் பவளமும் சிப்பியும் கொடுக்கின்றன.

சுண்ணாம்புத் தெளிநீர்ச் சோதனை

இந்த வேதியியலை விளக்கப் புதிய கருவி எதுவும் வேண்டாம். நாம் எல்லோரும் செய்யும் சுண்ணாம்பு நீர்ச் சோதனையே போதும். பெரும்பாலும் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். மீதிப் பாதியில்தான் கடல் இருக்கிறது.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, ஓர் இரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பங்கு தெளிநீருக்குப் பத்துப் பங்கு மழைநீர் அல்லது சுத்திகரித்த நீர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள். உறிஞ்சுகுழலால் அதில் ஊதினால் பால்போல் மாறும். இங்கே உருவாகியிருப்பது கால்சியம் கார்பனேட். சிப்பியும் பவளமும் எதனால் ஆனவையோ அதே பொருள். வழக்கமாக இங்கே கைதட்டி முடித்துவிடுவோம்.

நிறுத்தாமல் தொடருங்கள். சமையல் சோடாவும் வினிகரும் கலந்த புட்டியிலிருந்து வரும் வாயுவை ஒரு குழாய் வழியாக அந்தப் பால் நிற நீருக்குள் விடுங்கள். குழாயின் ஒரு முனை புட்டியில் உள்ள திரவத்தைத் தொடாமல் இருக்கட்டும். வாயு போகப் போக நீர் மறுபடியும் தெளியத் தொடங்கும். கார்பனேட்டாகப் படிந்தது பைகார்பனேட்டாகிக் கரைந்துவிட்டது. அமிலம் எதையும் நேரடியாக ஊற்றாமலே, கார்பன் டை ஆக்ஸைடு கூடியதாலேயே இது நடந்தது. “இப்ப சொல்லுங்க, கடல்ல நடக்கிறது வினிகர் சோதனை மாதிரியா, இது மாதிரியா?” என்று கேட்டேன். “இது மாதிரிதான்” என்று வகுப்பே சொன்னது.

ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்புத் தெளிநீர் வாயையும் கண்ணையும் புண்ணாக்கும். ஊத மட்டும்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் ஊதுவதை ஆசிரியரே செய்வது நல்லது.

இரண்டாம் பிழை: நான் காட்டியது செத்த ஓடு

மாணவியின் கேள்விக்கு இதுவரை பாதி விடைதான் கிடைத்தது. அம்மாவின் கண் ஏன் எரியவில்லை என்பது தெரிந்துவிட்டது. கார்பனேட் குறைந்துவரும் நீரில் பார் எப்படி வளர்ந்துகொண்டிருக்கிறது?

‘பவளப்பாறை’ என்று நாம் சொல்வதிலேயே பாறை இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகியதால், அது உயிர் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். பவளம் என்பது குழியுடலி. கடல்சாமந்திக்கும் சொறி மீனுக்கும் உறவு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உடல்கள் ஆயிரக்கணக்கில் ஒன்று சேர்ந்து வாழும் கூட்டம். வாயைச் சுற்றி உணர்நீட்சிகள், உள்ளே வயிற்றுக்குழி, அடியில் ஒரு தோல். அந்த அடித்தோல்தான் எலும்புக்கூட்டைக் கட்டுகிறது. தான் கட்டிய எலும்புக்கூட்டின் மேல் அமர்ந்தபடி, பாலிப் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது. நாம் பார்க்கும் பெரும் பாறையில் உயிர் இருப்பது மேலே உள்ள மெல்லிய தோலில் மட்டும்தான்.

அடித்தோலுக்கும் எலும்புக்கூட்டுக்கும் இடையே மிகக் குறுகலான இடைவெளி ஒன்று இருக்கிறது. நம் தலைமுடியின் தடிமனை விடவும் அது குறுகியது. அதற்குள் கொஞ்சம் நீர் இருக்கிறது. எலும்புக்கூடு படிவது வெளிக்கடலில் அன்று, இந்த அறைக்குள்தான். நுண்ணிய கண்ணாடி மின்வாய்களை உள்ளே செலுத்தியும், நிறம் மாறும் சாயங்களைக் கொண்டும், எலும்புக்கூட்டில் பதிந்திருக்கும் போரான் ஐசோடோப்புகளை அளந்தும் ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இந்த அறையில் உள்ள நீரின் பி.எச்., வெளியே உள்ள கடல்நீரின் பி.எச்.சை விட அதிகம். வெளியே 8.1 இருக்கும்போது உள்ளே 8.3, 8.5 என்றும், சில இனங்களில் அதற்கு மேலும் இருக்கிறது.

எப்படி முடிகிறது? அடித்தோலின் செல்சவ்வில் புரத இறைப்பான்கள் இருக்கின்றன. ஒரு கால்சியம் அயனியை உள்ளே விட்டு, இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகின்றன. ஹைட்ரஜன் அயனி வெளியேறியதும் அறையில் இருக்கும் பைகார்பனேட் மறுபடியும் கார்பனேட்டாகிறது. வெளியே குறைந்துபோன பொருளைப் பவளம் தன் அறைக்குள் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

இதைச் சொல்லி முடிக்கும் முன்பே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. “வள்ளத்துல தண்ணி இறைக்கிற மாதிரி டீச்சர்!” அவன் அப்பாவோடு கடலுக்குப் போய்ப் பழகியவன். ஓட்டை விழுந்த வள்ளம் மூழ்காமல் இருப்பதற்குக் காரணம், உள்ளே ஒருவர் குனிந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பதுதான். ஓட்டை பெரிதானால் இன்னும் வேகமாக இறைக்க வேண்டும். அந்த உவமையை விடப் பொருத்தமான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து என் பாடத்தில் அதுவே நிலைத்துவிட்டது.

இறைப்பதற்குத் தெம்பு வேண்டும். இந்த இறைப்பான்கள் ஏ.டி.பி. ஆற்றலில் இயங்குகின்றன. அந்த ஆற்றலின் பெரும்பகுதி, பவளத்தின் திசுவுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசிகளிடமிருந்து வருகிறது. (பெண்கள் முங்கி எடுக்கும் கடல்பாசி வேறு, இது வேறு என்பதை எங்கள் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.) வெளிச்சம் நன்றாக விழும் தெளிந்த நீரில், பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காடு வரைகூட இந்தப் பாசிகளின் ஒளிச்சேர்க்கை தந்துவிடும். மீதியை உணர்நீட்சிகளால் பிடிக்கும் மிதவை உயிரிகள் தருகின்றன. நன்றாக உணவு கிடைத்த பவளங்கள் பி.எச். குறைந்த நீரிலும் தங்கள் வளர்ச்சியைக் காப்பாற்றிக்கொண்டதைச் சில இனங்களில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இங்கே என் வினிகர் சோதனைக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். உயிருள்ள தோல் மூடியிருக்கும் இடம் பாதுகாப்பாக இருக்கிறது. தோல் செத்து, வெறும் எலும்புக்கூடு நீரில் படும் இடத்தில் இறைக்க ஆளில்லை. அங்கே அரிப்பும் கரைதலும் முந்திக்கொள்கின்றன. நான் காட்டியது செத்த ஓட்டின் கதை. அதை உயிருள்ளதன் கதையாகச் சொன்னதுதான் தவறு.

மைதானத்தில் இறைப்பு விளையாட்டு

இதைப் பிள்ளைகள் உடலால் உணரட்டும் என்று ஒரு விளையாட்டை அமைத்தேன். மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம். அதுதான் பவளத்தின் அறை. இரண்டு பேர் வாயிற்காவலர்கள். சிலர் கையில் ‘கால்சியம்’ அட்டை, சிலர் கையில் ‘ஹைட்ரஜன்’ அட்டை. நான்கு பேர் பாசிகள். நான் சூரியன். நான் ஒவ்வொரு முறை கைதட்டும்போதும் ஒவ்வொரு பாசியும் ஒரு கூழாங்கல்லைக் காவலரிடம் கொடுக்க வேண்டும். ஒரு கல்லைச் செலவழித்தால் ஒரு கால்சியம் உள்ளே வரலாம், இரண்டு ஹைட்ரஜன்கள் வெளியே போக வேண்டும்.

முதல் சுற்று: ஒவ்வொரு கைதட்டலுக்கும் இரண்டு ஹைட்ரஜன்கள் உள்ளே நுழையும். நான்கு கல் வரவு, ஒரு கல் செலவு. மீதி மூன்று கற்கள் ‘வளர்ச்சி, இனப்பெருக்கம், காயம் ஆற்றல்’ என்று எழுதிய கிண்ணத்தில் விழும்.

இரண்டாம் சுற்று: கடலில் ஹைட்ரஜன் அயனி இரண்டு மடங்காகிவிட்டது. 8.1 என்பது 7.8 ஆனால் இதுதான் நிலை. இப்போது நான்கு ஹைட்ரஜன்கள் நுழையும். இரண்டு கல் செலவு. கிண்ணத்தில் இரண்டு மட்டும் விழும். அறை இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது, வளர்ச்சி குறைந்துவிட்டது.

மூன்றாம் சுற்று: கடல் சூடாகிவிட்டது. மூன்று பாசிகளை வெளியே அனுப்பிவிட்டேன். வரவு ஒரே ஒரு கல். நான்கு ஹைட்ரஜன்கள் நுழைய, இரண்டைத்தான் வெளியேற்ற முடிகிறது. கைதட்டத் தட்ட வட்டத்துக்குள் நெரிசல். காவலர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

விளையாட்டின் எண்கள் கணக்கு எளிதாக இருப்பதற்காக நான் வைத்தவை. உண்மையான பவளத்தின் வரவு செலவு இனத்துக்கு இனம் மாறும். ஆனால் அடிப்படை சரியானது. விளையாட்டு முடிந்ததும், “எந்தச் சுற்றுல பவளம் செத்துச்சு?” என்று கேட்டேன். முதலில் கேள்வி கேட்ட அதே மாணவி சொன்னாள்: “அமிலம் கூடினப்ப சாகல டீச்சர். அமிலம் கூடி, பாசியும் போனப்பதான் செத்துச்சு.”

கடல்களில் கண்டவை

வட்டத்துக்குள் நடந்தது உண்மையான கடலிலும் நடக்கிறதா? நான் படித்தவற்றில் நான்கை வகுப்பில் சொன்னேன்.

முதலாவது, 2007-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியானது. இஸ்ரேலைச் சேர்ந்த மாவோஸ் ஃபைன், டான் செர்னோவ் இருவரும் மத்தியதரைக் கடலின் இரண்டு பவள இனங்களை 7.3 முதல் 7.6 வரை பி.எச். உள்ள நீரில் 12 மாதங்கள் வைத்திருந்தார்கள். எலும்புக்கூடு முழுவதும் கரைந்துபோனது. பாலிப்கள் சாகவில்லை, கடல்சாமந்தி போல வெறும் மெல்லுடலாகப் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தன. பழைய கடல்நீருக்கு மாற்றியதும் மறுபடி எலும்புக்கூட்டைக் கட்டத் தொடங்கின. இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரே ஆரவாரம். ஆனால் இது தொட்டிக்குள் பாதுகாப்பாக நடந்தது. கடலில் கூடில்லாத பாலிப்பை மீன்கள் விட்டுவைக்குமா என்று பிள்ளைகளே கேட்டார்கள். அதோடு, பாலிப் பிழைத்தாலும் பார் என்ற கட்டுமானம் போய்விடுகிறதே.

இரண்டாவது, பப்புவா நியூ கினியின் மில்ன் விரிகுடா. அங்கே எரிமலைப் பகுதியின் கடலடியிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு குமிழ்களாகக் கசிகிறது. எதிர்காலக் கடல் எப்படி இருக்கும் என்பதற்கு இயற்கையே அமைத்த ஆய்வுக்கூடம். கத்தரீனா ஃபாப்ரிஷியஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பி.எச். 7.8 அளவில் பவளம் மூடிய பரப்பு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் கிளை பரப்பும் இனங்கள் குறைந்து, பாறை உருண்டை போன்ற பொரைட்டிஸ் இனங்களே நிறைந்திருந்தன. கிளைகளுக்கு இடையே ஒளிந்து வாழும் சிறு மீன்களுக்கும் நண்டுகளுக்கும் உருண்டையில் இடம் ஏது? 7.7-க்குக் கீழே பவளத்திட்டு உருவாவதே நின்றுவிட்டது.

மூன்றாவது, பசிபிக் தீவு நாடான பலாவ். அதன் பாறைத்தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் குறைந்த விரிகுடாக்களில் பி.எச். இயல்பாகவே குறைவு. அங்கே பல இனப் பவளங்கள் செழிப்பாக இருக்கின்றன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் எலும்புக்கூட்டைத் துளைத்துக் குடையும் புழுக்களும் சிப்பிகளும் அங்கே அதிகம்.

நான்காவது, ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள ஒன் ட்ரீ தீவு. தண்ணீர் வற்றும் நேரத்தில் திட்டின் ஒரு பகுதியில் பாயும் நீருடன், நம் ஆய்வகத்தில் இருக்கும் அதே சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறிதளவு கலந்து, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்கு அதைக் கொண்டுவந்தார்கள். பவளத்திட்டில் கால்சியம் கார்பனேட் படிவது சுமார் 7 விழுக்காடு கூடியது. இது 2016-இல் வெளியானது. பவளங்கள் இன்றைக்கே அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு இது சாட்சி.

பழகிக்கொள்ளுமா?

“அப்ப பவளம் தகவமைச்சுக்கும்ல டீச்சர்?” என்ற கேள்வி கட்டாயம் வரும். இங்கே இரண்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஓர் உயிர் தன் வாழ்நாளுக்குள் சூழலுக்கு ஏற்பத் தன் உடலியக்கத்தை மாற்றிக்கொள்வது ஒன்று. கூடுதலாக இறைப்பது, எலும்புக்கூட்டின் அடர்த்தியைக் குறைத்துக்கொள்வது, உணவைக் கூடுதலாகப் பிடிப்பது இவையெல்லாம் அந்த வகை. தாங்கக்கூடிய மரபுப் பண்புள்ளவை பிழைத்து, அவற்றின் சந்ததி பெருகி, தலைமுறை தலைமுறையாக இனமே மாறுவது மற்றொன்று. ஒட்டகத்தின் திமிலும் கள்ளியின் முள்ளும் இப்படி வந்தவை. பாடநூலில் நாம் தகவமைப்பு என்று நடத்துவது இரண்டாவதைத்தான்.

தகவமைப்புக்குக் காலம் வேண்டும். பவளம் இனப்பெருக்கப் பருவம் அடையவே பெரும்பாலும் சில ஆண்டுகள் ஆகும். கடல்நீரோ இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்குள் மாறிக்கொண்டிருக்கிறது. ஆகவே ‘பழகிக்கொள்ளும்’ என்று ஆறுதல் சொல்வதும் தவறு. ‘எல்லாம் கரைந்துவிடும்’ என்று பயமுறுத்துவதும் தவறு. சில இனங்கள் தாங்கும், சில தோற்கும். எவ்வளவு நாள் தாங்கும் என்பது கையில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நம் மன்னார் வளைகுடா

இந்த இடத்தில் பாடம் எங்கள் ஊருக்குத் திரும்பியது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் வாழ்கின்றன. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் இங்கே பவளத்தை உடைத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீடு கட்டவும் கொண்டுபோனார்கள். எங்கள் பக்கத்துப் பழைய சுவர்களில் இன்றும் பவளக்கல்லின் துளைகளைப் பார்க்கலாம். “எங்க தாத்தாவும் கல்லு எடுத்திருக்காங்க டீச்சர். அப்ப அது உயிருன்னு தெரியாதாம்” என்று ஒரு மாணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “எனக்கும் போன மாசம் வரைக்கும் சரியாத் தெரியாதுப்பா” என்றேன். அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்து நின்ற பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

மறுவாரம் மாணவி அம்மாவிடம் மீண்டும் கேட்டு வந்தாள். இம்முறை கேள்வியை மாற்றிக் கேட்டிருக்கிறாள். பார் கரையவில்லை, ஆனால் சில ஆண்டுகளில் கடுங்கோடையில் பார் வெள்ளை வெளேர் என்று ஆனதை அம்மா பார்த்திருக்கிறார். அது பவள வெளிறல். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தன் பாசிகளை இழந்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெரிய அளவில் இது நடந்தது. விளையாட்டின் மூன்றாம் சுற்றை அவள் அம்மா கடலுக்குள் நேரில் பார்த்திருக்கிறார்.

வெளிறியது எல்லாம் சாவதில்லை. சூடு தணிந்து பாசிகள் திரும்பினால் பவளம் பிழைக்கும். அந்த வேளையில் அதன் மேல் சேறு படியாமல், சாக்கடை நீர் சேராமல், அறுந்த வலை சுற்றிக்கொள்ளாமல், நங்கூரம் உடைக்காமல் இருந்தால் மிச்சமிருக்கும் தெம்பை இறைப்பதற்குச் செலவிடலாம். கார்பன் டை ஆக்ஸைடைக் குறைப்பது உலகம் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அது நடக்காமல் பவளத்துக்கு நிரந்தர விடிவு இல்லை. ஆனால் வலையும் சேறும் எங்கள் ஊர் கையில் இருக்கின்றன. கிழிந்த வலையைக் கடலில் விடக் கூடாது என்று வீட்டில் சொல்வதற்கு இப்போது எங்கள் பிள்ளைகளிடம் அறிவியல் காரணம் இருக்கிறது.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

சோதனைக்குப் பவளத் துண்டுகளை எடுத்துவரச் சொல்ல வேண்டாம். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கரை ஒதுங்கிய துண்டானாலும் கடற்கரையிலேயே கிடக்கட்டும். முட்டை ஓடு கடலோரப் பள்ளிக்கும் மலையோரப் பள்ளிக்கும் பொதுவான பொருள். அதுவும் கால்சியம் கார்பனேட்தான்.

அமிலம், காரம் பாடத்தையும் விலங்குலகப் பாடத்தில் வரும் குழியுடலிகளையும் அடுத்தடுத்த நாட்களில் நடத்திப் பாருங்கள். தனித்தனியாக நடத்தும்போது எழாத கேள்விகள் அப்போது எழும்.

மதிப்பீட்டுக்கு ஒரு வினா: ‘கடல்நீரின் பி.எச். 8.1, ஆகவே கடல் அமிலமாகிறது என்பது பொய் என்று ஒருவர் சொல்கிறார். பவளமெல்லாம் கடலில் கரைந்துவிட்டது என்று இன்னொருவர் சொல்கிறார். இருவருக்கும் விளக்கம் கூறுக.’ இதற்கு மனப்பாடமாக விடை எழுத முடியாது.

இந்த ஆண்டும் சிப்பியை வினிகரில் போட்டேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். குமிழ்கள் வந்தன. முடிவில் வழக்கமாகச் சொல்லும் வாக்கியத்தைச் சொல்லவில்லை. “இந்தச் சிப்பி செத்துப்போனது. இதுக்குள்ள உயிர் இருந்திருந்தா என்ன செஞ்சிருக்கும்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். வகுப்பு முன்புபோல் அமைதியாகவில்லை. ஒரே நேரத்தில் நாலைந்து கைகள் உயர்ந்தன.